திரையின் அடியில் ஓடிய வரி

டீச்சரம்மாவுக்கு,

போன வாரத்து மழையில் நனைந்த, நெல் மூடும் படுதாவை இன்று காலை வெயிலில் விரித்தேன். தாரும் நெல்லுமாகக் கலந்து ஒரு வாடை. உங்களிடம் சொல்ல வேண்டிய சேதி இருப்பது நினைவுக்கு வந்தது. நீங்கள் ஆடியிலேயே கண்ணை மூடிவிட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். எழுத வருகிறதே! ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, அவ்வளவுதான்.

முதியோர் வகுப்புக்கு யாரும் வராததால் எங்களைத் தேடி மாரிமுத்துவின் டீக்கடைக்கே வந்தீர்கள். டிவியில் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பொட்டி உங்க மூளையத் தின்னுது!" என்றீர்கள்.

"தின்னட்டும் டீச்சர். எங்ககிட்ட அதுக்குத் தீனி கம்மிதான்" என்றான் மாரிமுத்து. கடையே சிரித்தது.

மறுவாரம் வந்து கண் கெட்டுவிடும் என்று பயம் காட்டினீர்கள். அறுபது வருஷம் வெயிலில் நின்ற கண், இதிலா கெடும் என்று நான்தான் கேலி செய்தேன்.

அதற்குப் பிறகு போன வருட மாசி மழை. கொள்முதல் நிலையத்து வாசலில் என் நெல் அம்பாரமாகக் கிடந்தது. முறை வரவில்லை. வானம் வெளுத்திருந்ததால் படுதாவை மடித்து எடுத்துக்கொண்டு எதிரிலிருந்த மாரிமுத்து கடைக்குப் போய், அதன் மேலேயே உட்கார்ந்து போட்டி பார்த்தேன். தாயில்லாத பெண் ஒன்று பாடி அழுதது. நானும் அழுதேன். திடீரென்று கொட்டியது மழை. படுதாவைப் பிரித்துக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாலாம் நாள் அடிநெல் முளைவிட்டிருந்தது. ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் நீங்கள் வந்தபோது திட்டவில்லை. எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து டீ வாங்கிக்கொண்டு, "அந்தத் தாயில்லாப் புள்ளைக்குப் பரிசு குடுக்காம விட்டாங்களே, அநியாயம்" என்றீர்கள்.

"டீச்சர், நீங்களும் பாப்பீங்களா?"

"வாரம் தவறாம. அழக்கூடச் செய்வேன்."

பிறகு ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினீர்கள்.

"ஐயா, அன்னைக்கு அந்தப் புள்ள அழுதப்ப கீழ ஒரு வரி ஓடுச்சே, என்னன்னு தெரியுமா?"

"ஏதோ விளம்பரம்னு நெனச்சேன்."

"டெல்டா மாவட்டங்கள்ல கனமழைன்னு ஓடுச்சு. படிக்கத் தெரிஞ்ச நானே அழுதுகிட்டு அதைப் பாக்காம விட்டேன். பாத்தப்ப மழை புடிச்சிருச்சு. அழுற முகத்தைத் திரை முழுக்கக் காட்டுனாங்க. உங்க நெல்லுக்கு வந்த சேதிய விரல் அகலத்துல ஓடவிட்டாங்க. அந்தப் புள்ளைக்காக நீங்க அழுதீங்க. உங்களுக்காக அதுல யாருங்கய்யா அழுதா?"

திட்டும்போதும் பயம் காட்டும்போதும் நீங்கள் நின்றுகொண்டு பேசினீர்கள். அன்று பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தப்பை முதலில் சொல்லிவிட்டு, என் நெல்லைப் பற்றிப் பேசினீர்கள். அது உள்ளே இறங்கிவிட்டது. மறுநாள் வகுப்பில் நான்தான் முதல் ஆள். அகரம் வேண்டாம், மழை என்று எழுதக் கற்றுக்கொடுங்கள் என்றேன். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

இனி சேதி. போன வாரம் அதே வாசல், அதே கடை, அதே போட்டி. அந்த வரி ஓடும் வேகத்துக்கு என்னால் படிக்க முடியவில்லை. முதல் சுற்றில் 'டெல்டா' அகப்பட்டது. இரண்டாவதில் 'மாவட்ட'. மூன்றாவதில் 'மழை'. எழுந்து கத்தினேன்.

"பெருசு, வானம் பளிச்சுன்னு இருக்கு, உக்காருங்க" என்றான் மாரிமுத்து.

"வானத்தைப் போன வருஷமும்தான்டா பாத்தேன்!"

அவனே அடுப்பை விட்டு வந்து படுதாவின் ஒரு முனையைப் பிடித்தான். என் அம்பாரத்தோடு மற்றவர்களுடையதையும் மூடி முடித்தோம். அதன் பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. காலையில் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். நெல் பொலபொலவென்று காய்ந்து இருந்தது.

பாட்டுப் போட்டியை நான் விடவில்லை, டீச்சரம்மா. அன்றைக்குப் பிறகு நீங்களும் விடச் சொல்லவில்லை. பாடுகிற பிள்ளை அழுதால் இன்னும் அழுகிறேன். ஆனால் கண்ணில் நீர் நின்றால் கீழே ஓடும் எழுத்து தெரிவதில்லை. அதனால் துண்டால் சீக்கிரம் துடைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதும்போதும் இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன்.