உனக்கு முன்னால் அரசாங்கத்துக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் தையல் பிரித்தாயிற்றா? மாடிப்படி ஏற விடாதே.

திட்டாமல் படி. எனக்கு நான்காம் மாதம். சொன்னால் அப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் போனில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பேறுகால உதவித்தொகைக்கு இப்போதே பதிய வேண்டுமாம். அதனால் உனக்கு முன்னால் அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டோம்.

கவுண்டரில் இருந்த அம்மாள், "தலைப்பிரசவமா? சொன்னதும் உங்கம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். உன் மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். நான் வாய் கூசாமல், "போன்லயே அழுதுட்டாங்க" என்றேன்.

"எங்கம்மாவும் இப்படித்தான் அழுதாங்க" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்திரை குத்தினார். அது கோணலாக விழுந்தது.

வெளியே வந்ததும் உன் மாப்பிள்ளை, "நல்லா அளந்து விட்டே!" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாந்தி நின்றுவிட்டது, கவலைப்படாதே. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன உன் புடவை இரண்டு அனுப்பு, குழந்தைக்கு. மூன்றாகவே அனுப்பு.

இதைத் தபாலில் போட அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். நீ அழ வேண்டிய அழுகையை யாரோ ஒருத்தி அழுதுவிட்டாள், அம்மா.

உன் மகள்