அப்பாவைப் பற்றி ஒரு பத்தி

அத்லோன்,
அயர்லாந்து,
20 பிப்ரவரி 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மா ஆஸ்பத்திரி சமையலறையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிறாள்.

ஐரிஷ் வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான். மேல்நிலைத் தாளில் நல்ல மதிப்பெண் இல்லாவிட்டால் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு இடமில்லை. வேறு எந்த வேலையும் எனக்கு வேண்டாம். கனமாராவில் பிறந்து ஐரிஷிலேயே அழுது வளர்ந்தவரின் மகள் நான். ஆனால் நீங்கள் வீட்டில் ஐரிஷ் பேசி நான் கேட்டது கட்டைவிரலில் சுத்தியல் பட்டபோது மட்டும்தான். அதையெல்லாம் தேர்வில் சொல்ல முடியாது!

"குடும்பத்தைப் பத்திக் கேக்காம விடமாட்டாங்க. ஆளுக்கொரு பத்தி எழுதி மனப்பாடம் பண்ணிடுங்கடி" என்கிறார் எங்களுக்குப் பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரி சிஸ்டர். அம்மாவுக்கு எழுதிவிட்டேன், நாய்க்குக்கூட எழுதிவிட்டேன். உங்களுக்கு என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை. நீங்களே எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
டெர்வலா

பாஸ்டன்,
9 மார்ச் 1994

அன்பு மகள் டெர்வலாவுக்கு,

உன் கடிதம் சுருக்கென்று தைத்தது. என் காலத்தில் ஐரிஷ் மட்டும் தெரிந்தவனுக்கு மண்வெட்டியும் கப்பல் டிக்கெட்டும்தான் கிடைத்தன. அந்தக் கதி உனக்கு வேண்டாமென்று வாயைப் பூட்டிக்கொண்டேன். இன்று அந்த மொழியில்தான் உன் வேலையே இருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கேட்ட பத்தியை ஐரிஷில் எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன்: "அப்பா பாஸ்டனில் தச்சு வேலை செய்கிறார். ஆகஸ்டில் வீட்டுக்கு வருவார். எல்லோரும் கடற்கரைக்குப் போவோம்." என்னிடம் இந்த நாட்டுக் காகிதங்கள் இல்லை, கிளம்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்பதெல்லாம் தேர்வாளருக்கு எதற்கு? சத்தமாகச் சொல்லிப் பழகு.

அன்புடன்,
அப்பா

பாஸ்டன்,
8 மே 1994

அன்பு டெர்வலாவுக்கு,

இன்று பூசை முடிந்து வெளியே வந்தேன். ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த நம் கனமாராக்காரன் ஃபெஸ்டி என்னைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"டேய் பார்ட்லி, நீ செத்துட்டியேடா! உங்க அக்கா நோரா உனக்குப் பூசை வச்சா. நானும் வரிசையில நின்னு அவ கையப் பிடிச்சுத் துக்கம் விசாரிச்சேன். பன்றிக்கறி சாண்ட்விச் பிரமாதம்."

"யாருடா சொன்னது?"

"உன் மகதான். பரீட்சையில சொன்னாளாம்."

அக்காவுக்கு நான் கடிதம் போட்டு நான்கு வருடமாகிறது. உன் அம்மாவோடு அவளுக்குப் பேச்சுவார்த்தையும் இல்லை. யாரிடம் விசாரிப்பாள், நம்பிவிட்டாள். எனக்குக் கோபமில்லை, கண்ணு. என்ன நடந்தது என்று மட்டும் சொல்.

அப்பா

அத்லோன்,
17 மே 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

தேர்வாளர் உங்கள் ஊர்ப்பக்கத்து அம்மாள். என் குடும்பப் பெயரைக் கேட்டதுமே தேர்வை மறந்துவிட்டார். "மன்னியனா? நீ யார் வீட்டுப் பிள்ளைம்மா?" பார்ட்லியின் மகள் என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம பார்ட்லி! எப்படி இருக்கான்?"

நீங்கள் அனுப்பிய பத்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வாயைத் திறந்தால் வரவில்லை. வருவேன் என்று நீங்கள் எழுதியதை நம்பி, ஒன்பது வருடம் ஆகஸ்ட்தோறும் சன்னலில் நின்று தெருவைப் பார்த்தவள் நான். "செத்துட்டார்" என்றேன். அது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

"அடப் பாவமே, கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு சுலபமான கேள்விகள்தான் கேட்டார். ஊரில் போய்ச் செய்தியைச் சொன்னதும் அவராகத்தான் இருக்கும். நல்ல மதிப்பெண் வரும். அது உங்கள் சாவுக்கு விழுந்த மதிப்பெண். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாதிரியார் மூன்று செபம் சொல்லச் சொல்லி மன்னித்துவிட்டார். எனக்குத்தான் என்னை மன்னிக்க முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் பஸ் ஏறி நோரா அத்தையிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அறைஞ்சிருப்பேன்டி. அவன் மூஞ்சியை அப்படியே வச்சிருக்கியே, கை வரல" என்று அழுதுகொண்டே தேநீர் கொடுத்தாள். நீங்களும் மன்னியுங்கள் அப்பா.

டெர்வலா

பாஸ்டன்,
2 ஜூன் 1994

அன்பு மகளுக்கு,

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நீ இல்லை.

எனக்குக் காகிதங்கள் கிடைத்து இரண்டு வருடமாகிறது. விசா குலுக்கலில் என் பெயர் விழுந்தது. அன்றே விமானம் ஏறியிருக்கலாம். கொஞ்சம் காசு சேர்த்துக் கௌரவமாகப் போய் இறங்கலாமென்று முதலில் தள்ளிப்போட்டேன். பிறகு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பீர்களே என்று பயந்து தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ளப் பயம்தான் வளர்ந்தது. இங்கே வேறு பெண் இல்லை, குடி இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு நல்ல காரணம்கூட என்னிடம் இல்லை. நான் அனுப்பிய பத்தியைவிட நீ சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம்.

அம்மாவிடம் இதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உனக்குத்தான் அவளிடம் பேசத் தெரியும்.

அப்பா

அத்லோன்,
20 ஆகஸ்ட் 1994

அப்பாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. ஐரிஷில் பி கிரேடு. லிமெரிக்கில் ஆசிரியர் பயிற்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது.

உங்கள் ஜூன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தேன். அம்மா எதிரில்தான் இருந்தாள். "என்னடி எழுதியிருக்காரு? பேயறைஞ்ச மாதிரி இருக்கே" என்றாள். "விசாக் காகிதம் இன்னும் வரலையாம், அம்மா" என்றேன். "பாவம்டி அந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க எழுந்துபோனாள்.

இரண்டரை மாதமாக அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. நீங்கள் செத்துவிட்டதாகச் சொன்னபோதுகூட நான் இப்படிக் குறுகிப்போகவில்லை. அன்று ஏமாந்தது யாரோ ஒரு தேர்வாளர். இன்று ஏமாறுவது என் அம்மா.

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் சொல்லப் போவதில்லை. அது உங்கள் வேலை. அதுவரை எனக்கு வரும் உங்கள் கடிதம் எதையும் பிரிக்க மாட்டேன். அவள் பெயரைப் போட்டு, தனி உறையில் எழுதுங்கள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். கதவைத் திறப்பவள் அவளாகத்தான் இருப்பாள்.

டெர்வலா