பவிக்கு விலை கேட்கக் கற்றுக்கொடுத்தது

ஜனவரி 10, சனி

கடுகு பாக்கெட்டை வாங்கியதும் பவி பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். விலை, தேதி. இரண்டையும் பார்த்த பிறகுதான் பைக்குள் போட்டாள். என் தங்கச்சி. எட்டு வயது. நான் சொல்லிக்கொடுத்தது. சந்தோஷமாக இருந்தது.

காலையில் நல்ல பனி. துணி காயவில்லை. அம்மா கம்பெனிக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் வில்லியனூர் போனோம், பொங்கல் சாமான் வாங்க.

இதுவரை அவளுக்குப் பழக்கியது: மீதிச் சில்லறையைக் கடையிலேயே எண்ணுவது. பட்டியலில் இல்லாததை உடனே வாங்காமல் ஒரு நாள் தள்ளிப்போடுவது. எதற்கும் விலை கேட்பது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் தார்ப்பாய் கட்டிப் புடவை விற்றார்கள். ஒன்று மாம்பழ நிறம், பச்சைக் கரை. பவியை முழங்கையால் இடித்தேன்.

"அண்ணா, இது எவ்ளோ?"

"ஒண்ணு முந்நூறு. ரெண்டா எடுத்தா ஐநூறு."

"கொறைப்பியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அம்மாவ கூட்டினு வா பாப்பா. உன்கிட்ட முடியாது."

வாங்கவில்லை. வழியெல்லாம் அவளைப் பாராட்டிக்கொண்டே வந்தேன்.

ஜன. 11, ஞாயிறு

மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. ஏம்பலத்தில் கரும்பு வெட்டும் வேலை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அம்மாவுக்கு வரிசை கொண்டுவருவார். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை.

மீன் குழம்பு. அம்மா இலை போட்டுச் சோறு வைத்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெரியம்மா வரிசை பார்க்க வந்து புடவையைப் பிரித்தார். மாம்பழ நிறம், பச்சைக் கரை. நேற்று விலை கேட்ட அதே ரகம்.

"இன்னாபா, பளபளன்னு கீது. ஆயிரம் இருக்குமா?" பெரியம்மா.

மாமா லேசாகச் சிரித்தார்.

"ஆயிரம்லாம் இல்ல பெரிம்மா. முந்நூறு. ரெண்டா எடுத்தா ஐநூறு." பவி. நேற்று நான் பாராட்டிய அதே குரல்.

"அடி சக்க! அப்ப இன்னொண்ண உம் பொண்டாட்டி கட்டினு கீறாளா?"

மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார். போன் அடிக்கவே இல்லை. "அவசரமா கூப்புடறாங்கக்கா." அம்மா பின்னாலேயே ஓடினாள். "ரெண்டு வாய் சாப்ட்டு போடா." வண்டி போய்விட்டது. சோற்றில் கை வைக்கவில்லை.

அம்மா பவி முதுகில் இரண்டு வைத்தாள். "தாய்மாமன் வரிசைக்கு ரேட்டு சொல்வியா?"

"அக்காதான் எல்லாத்துக்கும் வெல கேக்க சொல்லிச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜன. 12, திங்கள்

மாமா போனை எடுக்கவில்லை. அம்மா ஐந்து முறை அடித்துப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டு வாங்க காசில்லாம ஒண்ணு வாங்கி எனக்கு எடுத்தாந்தான். இனிமே எந்த மூஞ்ச வச்சினு இந்த வூட்டுக்கு வருவான்?"

கடையில் விலை கேட்கலாம். ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்ததற்கு விலை சொல்லக் கூடாது. இதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது, அவளுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. பவி காசு விஷயம் பழகட்டும் என்றுதான் அவளைப் பேசவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பொய். கடைக்காரரிடம் வாய் திறக்க எனக்குக் கூச்சம். பத்தாவதோடு நின்ற பிறகு இன்னும் அதிகம். என் கூச்சத்துக்கு அவளை முன்னால் தள்ளினேன். அடி அவளுக்கு.

சாயங்காலம் தேங்காய் வாங்கி வரச் சொன்னேன். "மாட்டேன். நான் இனிமே இன்னாத்தயும் கேக்க மாட்டேன். நீயே போ." போனேன். விலை கேட்காமல், தட்டிப் பார்க்காமல், கொடுத்ததை வாங்கி வந்தேன். ஒன்று அழுகல்.

ஜன. 13, செவ்வாய்

வெயில். பவி பள்ளிக்கூடம், அம்மா கம்பெனி. நான் தனியாகப் பஸ் ஏறினேன். முதல் தடவை. "ஏம்பலம் ஒண்ணு" என்றது கண்டக்டருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மாமா வெட்டு முடிந்து வந்து வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார். "இன்னா பாப்பா, நீ மட்டும் வந்துகீற? அக்காவுக்கு உடம்பு கிடம்பு…"

"அதெல்லாம் இல்ல மாமா. பவி மேல தப்பில்ல. கடையில நான்தான் கேக்க சொன்னேன். அந்தப் புடவ எனக்குப் புடிச்சிருந்துது." தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மாமா துணியை உதறினார். பிறகு, "முந்நூறா சொன்னான் அந்த ஆளு? என்கிட்ட முந்நூத்தம்பது வாங்கிட்டான்டி."

உள்ளேயிருந்து மாமா வீட்டு அத்தை கேட்டார். "சாப்ட்டியாடி?"

எப்போதும் "ஆச்சு அத்த" என்றுதான் சொல்வேன், ஆகாவிட்டாலும்.

"இல்ல அத்த. பசிக்குது" என்றேன். மாமாவுக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.