மீன்தொட்டிக்கு விளக்கு மாற்றிய விவரம்

ஸ்வொல்லே, நெதர்லாந்து,
நவம்பர் 17, ஞாயிறு

அன்பு மகள் ரென்ஸ்கேவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு மழையைப் பற்றி நாலு வரி சேர்த்து முடிப்பதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. உன் அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நேர் எதிரே இருப்பது எதுவும் தெரிவதில்லை, ஓரத்தில் இருப்பதுதான் தெரிகிறது. வயதானால் சிலருக்கு வருவதுதான், போன பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். "அவ உலகத்தோட அந்தக் கோடியில இருக்கா, சொன்னா அழுதுக்கிட்டே விமானம் ஏறுவா, வந்து என்ன பண்ணப் போறா" என்றாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், மீன்தொட்டி விளக்கைப் பற்றி ரென்ஸ்கேவுக்கு எழுதுகிறேன் என்றேன், அது பொய்யும் இல்லை. "பாவம், அங்கயும் அவளை விடமாட்டியா ஹார்மன்" என்று சிரித்தாள். முன்பெல்லாம் என் கடிதத்தை வாங்கிப் படித்து, கீழே தன் பங்குக்கு இரண்டு வரி சேர்க்காமல் உறையில் போட விடமாட்டாள். இன்று கேட்கவில்லை.

விளக்கால்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. நம் தொட்டிக்கு நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இரண்டு குழல் விளக்குகள்தானே. வசந்தத்தில் ஒன்று போயிற்று, ஆகஸ்டில் மற்றதும் போயிற்று. அந்தக் குழல்களை இப்போது எங்கேயும் விற்பதில்லை, நிறுத்திவிட்டார்களாம், எல்லாம் எல்.இ.டி.தான். எழுபத்தாறு வயதில் புதிதாக எதையும் படித்துத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெம்பில்லை, யோரிட்டிடம் கேட்டேன். உனக்கு நினைவிருக்கும், மீன்தொட்டிச் சங்கத்துப் போட்டியில் ஆறு தடவை நான் இரண்டாவதாக வந்தபோது ஆறு தடவையும் முதலாவதாக வந்த மகராசன். இந்த வருடம் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறான் என்று தொட்டியை விற்றுவிட்டான். "குறுக்க நிக்க நான் இல்ல, முதல் இடம் உனக்குத்தான்யா. ஆனா விளக்கு நல்ல வெள்ளையா, பலமா வாங்கு. சிவப்புச் செடி சிவக்கலேன்னா நடுவர் வீடு தேடி வந்தும் பிரயோஜனம் இல்ல" என்றான். வாங்கினேன். ஆர்வக்கோளாறில் காலையிலிருந்து படுக்கப் போகும்வரை எரியவிட்டேன், நாற்பது வருடம் தொட்டி வைத்தவன் செய்கிற வேலையா அது, பத்தே நாளில் கண்ணாடி முழுக்கப் பாசி. சுரண்டிச் சுரண்டித் தோள் கழன்றுவிட்டது. பிறகு ஏழு மணி நேரமாகக் குறைத்ததும் தெளிந்தது. செடிகள் பீட்ரூட் மாதிரி சிவந்தன. முன்னால் குட்டையாகத் தொடங்கிப் பின்னால் போகப் போக உயருமே நம் செடி வரிசை, லைடன் தெரு என்போமே, அது அப்படி ஒரு அழகாக என்றைக்குமே இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா தன் நாற்காலியைத் தொட்டிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சன்னல் பக்கம் பார்த்தபடி பின்னிக்கொண்டிருப்பாள். நான் எந்நேரமும் தொட்டியே கதி என்று கிடப்பதால் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டுமே என்று நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று, இரண்டு கிழடுகளும் ரொட்டியைக் கொடு, வெண்ணெயைக் கொடு என்பதோடு சரி. ஒரு நாள் மாலை நாலு மணிக்குத் தீனி போட உட்கார்ந்தேன். நீ பன்னிரண்டு வயதில் வாங்கி வந்தாயே, ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன், தினமும் நாலு மணிக்குக் கண்ணாடியைத் தட்டுவதால் தபால்காரன் என்று நீ பெயர் வைத்தது, இன்னும் இருக்கிறது. அது வழக்கம்போல் வந்து கண்ணாடியில் மூஞ்சியை ஒட்டி நின்றது. அம்மா திரும்பி, நேராக அதையே பார்த்துக்கொண்டு, "ஹார்மன், தபால்காரன் செத்துட்டானா? எங்கிட்ட சொல்லாம தோட்டத்துல புதைச்சிட்டியா?" என்றாள். அவள் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழ தூரம்தான் இருக்கும். தீனி டப்பாவை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். ஒரு வருடமாகவே இப்படித்தானாம், பழைய விளக்கில் ஓரக்கண்ணால் சமாளித்துக்கொண்டிருந்தாளாம். "இந்த விளக்கப் போட்டா எனக்கு முன்னால வெள்ளைத் துணி தொங்குற மாதிரி இருக்கு. நீ ஆறு தடவை ரெண்டாவதா வந்தவன், இந்தத் தடவையாவது ஜெயிக்கட்டும்னு சும்மா இருந்தேன்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, அவள்மேல் இல்லை.

அடுத்த வாரம் டாக்டர். அதற்கடுத்த வாரம், கூட்டிக் குறைக்கவும் மஞ்சளாக்கவும் முடிகிற வேறொரு விளக்கு வாங்கி வந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பார்ப்பார்களே, அதே மாதிரி அவளைத் தொட்டிக்கு எதிரில் உட்கார வைத்து, இதுவா முன்னால் போட்டதா, இதுவா முன்னால் போட்டதா என்று மாற்றி மாற்றிப் போட்டேன். "முன்னாடி போட்டது. இல்ல, இன்னும் குறை. போதும், போதும், கையை எடு" என்றாள். கண்ணில் நேராக அடிக்காமல் முன்பக்கம் மறைப்பாக ஒரு மரச்சட்டமும் வைத்தேன். அவள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அதோ வரான் தபால்காரன், குண்டன்" என்றாள்.

ஒரே மாதத்தில் சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது, லைடன் தெரு வெளிச்சம் தேடி நெட்டைக் காலாக நிற்கிறது. நடுவர் வருகிற அன்றைக்காவது வெள்ளை விளக்கைப் போடு என்று யோரிட் போனில் கத்தினான். அதை எடுத்துத் துடைத்துக்கூட வைத்தேன். ஒரு நாளில் செடி சிவக்காது என்று திரும்பப் பெட்டியில் போட்டேன், சிவக்கும் என்றால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. போன வியாழன் நடுவர் ஹோக்ஸ்த்ரா வந்து, மணிக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தொட்டி சுத்தமா இருக்கு, ஆனா வெளிச்சம் பத்தலையே, ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். காப்பியை நீட்டிக்கொண்டே அம்மா, "எனக்காக" என்றாள். மனிதர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நாலு பேரில் நாலாவது. இனி போட்டிக்குப் பெயர் கொடுப்பதாக இல்லை, போதும், களைத்துவிட்டேன்.

அழுதுகொண்டு உடனே கிளம்பி வராதே, லீவு கிடைக்கும்போது வா. இருவரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக இருங்கள், எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. போன ஞாயிறு நீ வீடியோவில் வந்தபோது முடியை ஒட்ட வெட்டியிருந்தாய், அம்மா ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு முகம் வாடிவிட்டது. கடலைக் காட்டுவதற்காக நீ சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாய், அவளுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது. அடுத்த ஞாயிறு சன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார். அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். என்னைப்போல் நீயும் அதைக் கோபம் என்று நினைத்துவிடாதே, அப்போதுதான் அவள் உன்னைப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹார்மன்