கைலிக் கூடாரம்

ஜூன் 2, செவ்வாய்

காலையிலிருந்து மழை. லூனாஸ் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். ஆபீசுக்கு லேட். ஸ்டோர் ரூமில் குடையை விரித்துக் காயவைக்கும்போது போன். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி. கவினுக்கு அடுத்த திங்கள் ஆப்பரேஷன், ஞாயிறே வார்டில் சேர்த்துவிட வேண்டும். "போலே, புவான்?" என்றாள் நர்ஸ். முடியும் என்றேன். வீட்டில் யாரையும் கேட்காமல் நான் ஒப்புக்கொண்ட முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

வேறெங்கும் எழுத முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். என் மகனுக்கு இரண்டரை வயது. அவனுடைய வலது விரை பையில் இல்லை. தொடை மடிப்புக்கு மேலே எங்கோ நின்றுவிட்டது. இனித் தானாக இறங்காது, விட்டுவைத்தால் கெட்டுப்போகும், பெரியவனான பிறகு வேறு ஆபத்தும் வரலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கீழே இறக்கித் தைக்க வேண்டும்.

விரை. யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்தவள், எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. இந்தச் சொல்லை எழுதுவது இன்றுதான். வாயால் சொன்னதே இல்லை. டாக்டரிடம் 'அது'. கணவர் முரளியிடமும் 'அது'.

வாங்க: பெரிய சைஸ் டயப்பர். பிஸ்கட். லாரி பொம்மைக்கு பேட்டரி. மெல்லிய கைலித் துணி இரண்டு (பிறகு கால்சட்டை போடக்கூடாதாம்).

முரளி வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். கொஞ்ச நேரம் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அக்காகிட்ட சொல்லணுமே."

ஜூன் 4, வியாழன்

நல்ல வெயில். மூன்று நாள் துணி காய்ந்தது.

சரசு அண்ணி வந்தார். முரளியின் அக்கா. மாமியார் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவர் பேசினால் முரளி தரையைப் பார்ப்பார், இன்றும்.

"அடுத்த மாசம் அம்மன் கோயில்ல மொட்டை, காதுகுத்து. பேரு குடுத்தாச்சு. முடி எறக்கறதுக்கு முன்னாடி புள்ள ஒடம்புல கத்தி படக்கூடாது செல்வி. சாமிக்கு வேண்டிக்கிட்டது."

மொட்டை அடிப்பதும் கத்தியால்தானே என்று நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"டேட் குடுத்துட்டாங்க அண்ணி."

"மாத்தச் சொல்லு லா. ஆஸ்பத்திரி எங்க ஓடிடப் போவுது?"

"தள்ளிப் போட்டா எப்பக் கெடைக்கும்னு தெரியாது."

"நம்ம பெரியப்பாவுக்கும் ஒன்னுதான். எட்டுப் புள்ள பெத்தாரு."

பெரியப்பாவின் அந்த விவரம் அண்ணிக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் குரலைத் தாழ்த்தி: "வெளிய மூச்சு விடாத. நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" மாப்பிள்ளை அப்போது சோபாவுக்கு அடியில் தலையை நுழைத்து லாரியைத் தேடிக்கொண்டிருந்தான். பின்பக்கம் மட்டும் எங்களுக்கு.

அண்ணி போனதும் முரளி: "கொஞ்சம் தள்ளிப் போட்டாத்தான் என்ன?"

நான்: "ஞாயித்துக்கெழம காலைல கெளம்பறோம். கார் நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டவா?"

சொல்லிவிட்டு சிங்க் பக்கம் திரும்பி, கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

ஜூன் 7, ஞாயிறு

வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். முரளிதான் ஓட்டினார். வழி நெடுக ரேடியோ. குருண் தாண்டும்போது, "அக்கா அழுதுச்சு" என்றார். நான் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணி ஒரு காரியம் செய்திருக்கிறார். கோயிலிலும் எங்கள் தாமான் வீடுகளிலும் கேட்டவர்களிடமெல்லாம் 'சின்ன ஆப்பரேஷன்' என்றிருக்கிறார். எங்கே என்று கேட்டால் இடுப்புக்குக் கீழே கையைக் காட்டி, "அத விடுங்க" என்றாராம். முரளி இதை ஒரு சமாதானம் போலச் சொன்னார். நல்லது, விடுவார்கள்.

கவின் வார்டு முழுக்க ஓடுகிறான். பக்கத்துக் கட்டில் பையனுக்கு லாரியைக் கடன் கொடுத்து உடனே பிடுங்கிக்கொண்டான்.

டாக்டர் வந்தார். சின்ன வயது, எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். படம் வரைந்து காட்டினார். முரளி ஏதோ கேட்க ஆரம்பித்தார், மலாயில். "பின்னால, பெரியவனானா, அவனுக்கு..." அங்கேயே நின்றுவிட்டது. முகம் கறுத்துவிட்டது. டாக்டருக்குப் புரிந்தது. ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்றையும் இறக்கி வைத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் அப்பா ஆகிறார்கள் என்றார். வளர்ந்ததும் அவனே தொட்டுப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள், கட்டி ஏதாவது இருந்தால் சொல்லத் தெரிய வேண்டும். "அவனுடைய உடம்பு. அவனுக்குத் தெரியாமல் வைக்காதீர்கள்."

முரளி கான்டீன் போய் வெகுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. எனக்கு ஒரு பால் டீ, தே தாரே, ஆறிப்போனது. குடித்தேன்.

ஜூன் 8, திங்கள்

கவினுக்குப் பசி. பிஸ்கட் பிஸ்கட் என்று அழுகை. நானும் சாப்பிடவில்லை, அது யாருக்கும் உதவாது என்று தெரிந்தும்.

மயக்க மருந்து கொடுக்கும் அறை வரை என்னை விட்டார்கள். பச்சைத் தொப்பி அவனுக்குப் பெரிது, கண் மறைந்தது. மாஸ்க்கை வைத்ததும் என் கட்டைவிரலை இறுக்கினான், பிறகு இறுக்கவில்லை. அந்த இடைவெளியை எழுத வரவில்லை.

வெளியே பெஞ்ச். முரளியும் நானும். அண்ணி மூன்று தடவை போன். முரளி எடுக்கவில்லை. முதல் தடவையாக.

முடிந்தது. நன்றாக இறங்கியது என்றார் டாக்டர். கண் விழித்ததும் அவன் கேட்டது லாரி. தொண்டை கரகரத்த குரலில். சிரித்துவிட்டேன், நர்ஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

ஜூன் 10, புதன்

நேற்று வீடு வந்தோம். இன்று புழுக்கம்.

தையலில் துணி பட்டால் அலறுகிறான். கைலி சுற்றி ஹாலில் படுக்க வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் யாஹ் தட்டில் புலுட் கூனிங், அவர்கள் விசேஷங்களுக்குச் செய்யும் மஞ்சள் ஒட்டரிசிச் சோறு, மேலே கறியோடு வந்தார். கைலியைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பு. "சூடா சுனாட் கா? பெரானி." சுன்னத் ஆகிவிட்டதா, தைரியசாலி.

இல்லை என்று தலையாட்டினேன். அப்புறம் சொன்னேன். மலாயில் சட்டென்று வந்துவிட்டது: "தெலோர் சாத்து தக் துரோன், காக்." ஒரு முட்டை இறங்கவில்லை. காக் யாஹ் ஒரு நொடி விழித்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், நானும். "ஓ, பின்னே அதுவும் இதுவும் ஒரே பாடுதான், துணி படக்கூடாது" என்று சொல்லி, கயிறு கேட்டார். கைலியின் நடுவில் முடிச்சுப் போட்டு, கயிற்றைத் தொட்டில் கட்ட வைத்த உத்தரக் கொக்கியில் மாட்டி இழுத்தார். துணி எழும்பிக் கூடாரமாக நின்றது. அவருடைய மகன்கள் மூன்று பேரும் சுன்னத் முடிந்து இப்படித்தான் படுத்திருந்தார்களாம்.

கவினுக்கு ஒரே சந்தோஷம். கூடாரத்துக்குள் லாரியை நிறுத்திவிட்டான். அழுகை நின்றது.

சாயங்காலம் லெட்சுமி அக்கா. பின் சந்தில் வீடு, கோயிலுக்குப் பூக் கட்டுபவர். வாசலில் நின்றே கூடாரத்தைப் பார்த்தார், மேசை மேல் மஞ்சள் சோற்றைப் பார்த்தார். "உடம்பு பாத்துக்கங்க" என்று மல்லிகையைக் கதவுக் கம்பியில் தொங்கவிட்டுப் போய்விட்டார். வந்தால் ஒரு மணி நேரம் பேசுபவர். வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

ஜூன் 12, வெள்ளி

ஓய்வு நாள், எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். இடி மட்டும், மழை இல்லை.

காலையில் கோயில் செயலாளர் மாணிக்கம் அண்ணன் முரளிக்கு போன். ஸ்பீக்கரில் இருந்தது.

"தம்பி, மொட்டைக்குப் பேரு குடுத்திருக்கீங்கல்ல. அது... இன்னும் வேணுமா?"

"ஏன்ணே?"

"இல்ல, நீங்க இப்ப அந்தப் பக்கம் போயிட்டீங்கன்னு... பையனுக்கு சுன்னத் பண்ணி கைலி கட்டித் தொங்க விட்டுருக்கீங்க, சோறு பகிர்ந்தீங்கன்னு பேசிக்கிறாங்க. உங்க இஷ்டம் தம்பி. கமிட்டிக்குத் தெரியணும்ல?"

முரளி போனையே பார்த்தார். எனக்கு முதலில் சிரிப்பு. பிறகு காது சுட்டது.

அரை மணியில் அண்ணி வந்துவிட்டார், முடியை வாரி முடிக்காமல். "மானம் போச்சு. மதம் மாறிட்டோம்னு ஊரே சொல்லுது."

"நீங்க 'அத விடுங்க'ன்னு சொன்னீங்க அண்ணி. அவங்க விடல. மீதிய அவங்களே சேத்துக்கிட்டாங்க."

"சரி, ஹெர்னியான்னு சொல்லிடுவோம்."

"ஹெர்னியா இல்ல."

"அப்ப என்னதான் சொல்லப் போற? இதையா?"

"ஆமா."

சாயங்காலம் பூஜைக்குப் போனோம், அண்ணியும்தான். கவினை முரளி தோளில் போட்டுக்கொண்டார், கைலியோடு. ஆரத்தி முடிந்து பொங்கல் வாங்க வரிசை. எங்களுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். யாரோ பின்னால்: "கைலி கட்டியே கூட்டிட்டு வந்திருக்காங்க பாரேன்." ஆபீஸ் மீட்டிங்கில் என்னிடம் கேள்வி வந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பதில் சொல்ல விடுபவள் நான். இன்று பக்கத்தில் யாரும் இல்லை.

திரும்பினேன். குரல் உடைந்துதான் வந்தது. "என் மகனுக்கு ஒரு விரை எறங்காம வயித்துலயே நின்னுடுச்சு. டாக்டர் எறக்கி வச்சுத் தச்சிருக்காங்க. சுன்னத் இல்ல. நாங்க எங்கயும் போகல. போயிருந்தா அதையும் நாங்களே சொல்லியிருப்போம்."

பொங்கல் கரண்டி அப்படியே நின்றது.

மாணிக்கம் அண்ணன் வேகமாக வந்தார். "ஏம்மா, கோயில்ல வச்சா இந்தப் பேச்செல்லாம்?"

"கோயில்லேருந்துதானே கேட்டீங்கண்ணே."

யாரோ ஒரு பெரியவர் இருமலை அடக்குவது போல் சிரித்தார். அண்ணி விறுவிறு என்று காருக்குப் போய்விட்டார். லெட்சுமி அக்கா பூக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை நீட்டினேன். பொங்கல் விழுந்தது. நிறையவே.

காரில் முரளி: "அந்த வார்த்தைய அவ்ளோ சத்தமா சொல்லணுமா?"

"மெதுவா சொன்னதுக்குத்தான் மதம் மாத்திட்டாங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்சீட்டில் அண்ணிக்கு வரவில்லை.

ஜூன் 13, சனி

காய்ச்சல் இல்லை. வீக்கம் குறைந்திருக்கிறது.

அம்மாவுக்கு போன் செய்தேன், புக்கிட் செலம்பாவுக்கு. எல்லாம் அங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. "கோயில்ல கத்துனியாமே" என்றார். கத்தவில்லை என்றேன். "கத்தியிருந்தாலும் பரவால்ல. அப்பா சிரிச்சாரு."

தலைவலி. நேற்றுப் பேசியதை மனசு திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் கூசுகிறது. ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

ஜூன் 17, புதன்

அண்ணி வந்தார். என்னிடம் பேசவில்லை. கவினைக் குளிப்பாட்டினார், தண்ணீர் தையலில் படாமல், நான் செய்வதைவிட நன்றாக. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே:

"அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். ஒனக்கும் சேத்து."

"எனக்கு வேணாம் அண்ணி. தப்பு பண்ணியிருந்தா நானே கேட்டுக்குவேன்."

"திமிரு." கதவு வரை போய்த் திரும்பி, "மொட்டைக்கு நான்தான் மடியில வச்சுக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்."

சரி என்றேன். அந்த உரிமை அவருக்குத்தான்.

மீன்: கெம்போங், அரை கிலோ. கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, சனி

தூறல். கவின் இன்று கால்சட்டை போட்டுக்கொண்டான். கூடாரத்தைக் கழற்றினால் அழுகிறான், அதனால் கட்டியபடியே தொங்குகிறது.

பதினோரு மணிக்கு லெட்சுமி அக்கா, பின் கதவு வழியாக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துணி காயும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதையைக் கிளப்பியது நான்தான் என்றார். தெரியும் என்றேன். திட்டு வேண்டுமானால் திட்டு என்றார். திட்டலாம் என்றுதான் இருந்தேன்.

"எங்க ரிஷிக்கும் ஒரு பக்கம் இல்ல, செல்வி."

ரிஷி அவருடைய கடைசி மகன். பத்து வயது. சைக்கிளில் இந்தச் சந்தில் கையை விட்டு ஓட்டுபவன்.

"பொறந்தப்பவே தெரியும். தானா எறங்கும்னாங்க. அப்புறம் யார்ட்ட கேக்கறது? வீட்டுக்காரரு ஒரு மாதிரி. கோயில்ல நீ சொன்னப்ப எனக்கு ரிஷி மொகந்தான் தெரிஞ்சுச்சு."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொஞ்சம் இருந்தது, இன்னும் இருக்கிறது. டாக்டர் வரைந்த படத்தை மறுபடி நான் வரைந்து காட்டினேன், மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில். தாமதம்தான், ஆனால் போக வேண்டும், முதலில் இங்குள்ள கிளினிக், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். நாளை ஞாயிறு, திறந்திருக்கும். நான் லீவு சொல்லிவிட்டுக் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"நீ பேசுவியா அங்க?"

"நீங்க பேசுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

தலையாட்டினார். பிறகு: "அவன்ட்ட பூட்பால் சப்பாத்து வாங்கப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டு வரேன்."

"வேணாங்கா. அவனுக்குப் பத்து வயசு. கார்ல ஏறுனதும் நீங்களே அவன்ட்ட சொல்லணும்."

"எப்படிம்மா சொல்றது?"

"ரோடு கொஞ்சம்தான். நான் மெதுவா ஓட்டுறேன்."