போட்டதை எடுக்க வேண்டாம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பதறிவிடாதே. நானும் என் மகனும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் வாலுவும் உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். நான் கூப்பிட்டால் "இதோ வாலுகிட்ட குடுக்கறேன் மாமா" என்று அந்தக் கணமே கொடுத்துவிடுகிறாய். ஆறு வயதுக் குழந்தையிடம் சமையல் சந்தேகம் கேட்டால் அவள் என்னைத்தான் கேலி பண்ணுவாள்.

இப்போது இங்கே சமையல் என் பொறுப்பு. அவன் காலையில் ஏழு மணிக்கே கிளம்பி ஊரிலுள்ள லிஃப்டுகளை எல்லாம் பழுது பார்த்துவிட்டு, தன்னையே பழுது பார்க்க வேண்டிய நிலைமையில் திரும்பி வருகிறான். அதனால் நான் சமையலில் இறங்கிவிட்டேன். உருளைக்கிழங்குதான் சுலபம் என்று ஆரம்பித்தேன். அது என்னை ஒரு கை பார்க்காமல் விடாது போலிருக்கிறது.

வேக வைத்தால் வெளியே கூழாகி, நடுவில் கல்லாகவே இருக்கிறது. தண்ணீர் கொதித்த பிறகு போடுவதா, முதலிலேயே போடுவதா? நறுக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போய் வருவதற்குள் துண்டெல்லாம் கறுத்துவிடுகிறது, ஏன்? ஃப்ரிட்ஜில் வைத்ததை எடுத்து வறுத்தேன், இனிப்பாகவும் இருந்தது, கருகியும் போயிற்று. அவன் அதையும் சாப்பிட்டு முடித்தான். அவன் குறை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை. வெங்காயத்தோடு ஒரே கூடையில் வைக்கக் கூடாது என்று நீ ஒருமுறை சொன்னாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் என்ன? முளை விட்டதை என்ன செய்வது? நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும்.

உன் அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் என் அன்பைச் சொல். வாலுவுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
மாமா

•

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய அட்டை வியாழக்கிழமை வந்தது. "நலம்" இல்லை, "மாமாவுக்கு" இல்லை, கீழே கையெழுத்தும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். பச்சைத் தண்ணீரில் உப்போடு போட்டு, அதோடு சேர்த்தே கொதிக்க விடவும். நறுக்கியதும் தண்ணீரில் போட்டால் காற்றுப் படாது, கறுக்காது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், குளிரில் மாவு சர்க்கரையாகிவிடும். வெங்காயத்தின் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் கெடும். கெட்டியாக இருந்தால் முளையை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம், தொளதொளத்துப் போயிருந்தால் வேண்டாம்.

கடைசியில், நான் கேட்காத ஒன்றுக்கும் பதில் எழுதியிருந்தாய். "பச்சை படர்ந்ததைத் தூக்கிப் போடவும். போட்டதை எடுக்க வேண்டாம்."

அதைப் படித்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறையிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் கடிதத்தில் பச்சையைப் பற்றி மட்டும் நான் ஏன் கேட்கவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தே இரண்டு மாதமாக இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம். நீ பேசாமல் இருந்தது பெருந்தன்மை, நான் பேசாமல் இருந்தது கோழைத்தனம். இனி நான் மறைக்கப் போவதில்லை.

அரை மூட்டைக் கிழங்கை மலிவாகக் கிடைத்தது என்று தூக்கி வந்தவன் நான். இருட்டில் வையுங்கள், சாக்கால் மூடி வையுங்கள் என்று நீ சொன்னாய். முப்பத்தோரு வருஷம் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்குச் சாமான் அடுக்கச் சொல்லித் தருகிறாயா என்று சிரித்தேன். பால்கனி அலமாரியில் வெயில் விழும் இடமாகப் பார்த்து வரிசையாக அடுக்கி, வாங்கிய தேதியை எழுதி அட்டை வேறு தொங்கவிட்டேன். நட்டுக்கும் போல்ட்டுக்கும் துருவைக் கண்டால்தான் பயம், வெளிச்சத்தைக் கண்டால் பயமில்லை. கிழங்குக்கு வெளிச்சம்தான் எமன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. சொன்னபோது கேட்காததுதான் குற்றம்.

பச்சை படர்ந்த ஒன்பது கிழங்குகளைப் பொறுக்கி, பையில் கட்டி, நீ சனிக்கிழமை குப்பைத் தொட்டியில் போட்டாய். நான் பார்த்தேன். கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது கிழங்கும் நான் தேர்ந்து வாங்கியவை. என்னையே தூக்கிப் போட்ட மாதிரி எனக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் எவ்வளவு அற்பமான கோபம் பார்.

மறுநாள் காலையில் நீ கிழங்கைத் தோல் சீவி நறுக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, வாலுவைக் குளிப்பாட்டப் போனாய். நான் தொட்டியிலிருந்து பையை எடுத்தேன். என் பேனாக்கத்தியால் பச்சையை மேலாகச் சீவி, ஒன்பதையும் நறுக்கி, அதே பாத்திரத்தில் போட்டுக் கலந்துவிட்டேன். நீ திரும்பி வந்து, "இவ்ளோவா நறுக்குனேன்?" என்று உன்னையே கேட்டுக்கொண்டாய். நான் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லி உன்னை வாயடைக்க வைக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

எனக்குச் சர்க்கரை என்பதால் நாலு துண்டு வைத்தாய். அவன் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். நீ பரிமாறிக்கொண்டே இருந்தாய். வாலுவுக்குக் கிழங்கு என்றால் உயிர், மசித்து ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாய். இரண்டு வாய் தின்றுவிட்டு, "கசக்குது தாத்தா" என்றாள். நீ அடுப்படியில் இருந்தாய், உன் காதில் விழவில்லை. என் காதில் நன்றாகவே விழுந்தது. "கசக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாக்குக்கு ரொம்ப வக்கணை. சாப்பிடு" என்று நானே எடுத்து எடுத்து ஊட்டிக் கிண்ணத்தைக் காலி பண்ண வைத்தேன். இதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாலைக்குள் குழந்தை சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றி இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். பச்சைக் கிழங்கு ஏதாவது சாப்பிட்டாளா, வேக வைத்தாலும் அந்த விஷம் போகாதே என்று டாக்டர் கேட்டார். அவன் வீட்டுக்கு ஓடிப் போய், குப்பைத் தொட்டியில் கிடந்த பச்சைத் தோலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரி நடையில் வைத்து உன்னைக் கேட்டான். "இதச் சீவும்போது கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?" நீ அழவில்லை. "நான் அதை எல்லாம் சனிக்கிழமையே தூக்கிப் போட்டேன்" என்றாய். அவன் என் பக்கம் திரும்பினான். "அப்பா, நீங்க வீட்லதானே இருந்தீங்க. இவ தூக்கிப் போட்டாளா?"

"நான் கவனிக்கலைப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு மாதமாக யோசித்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உன் அத்தை போன பிறகு உங்கள் வீட்டில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் காய்கறி வாங்குவது. அதையும் பிடுங்கிக்கொண்டு மூலையில் உட்கார வைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். என் கூடையைக் காப்பாற்றிக்கொள்ள உன் பேரைக் கெடுத்தேன். எழுதும்போதே கூசுகிறது.

குழந்தை வீடு திரும்பிய அன்று என் பேனாக்கத்தியைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தாய். "மாமா, உங்க கத்தி. குப்பைத் தொட்டியைக் கழுவறப்ப அடியில கெடச்சுது" என்றாய், மெதுவாக. அடுத்த அறையில்தான் அவன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான். நீ குரலைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் போதும். நான் சொல்வேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நாலாவது நாள் விடுமுறைக்கென்று அக்கா வீட்டுக்குக் கிளம்பினாய். அவன் பேசிய பேச்சுக்காகத்தான் போனாய் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நீ எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும்.

வாலுவை அங்கேயே பள்ளியில் சேர்க்கும் படிவம் அவன் கையெழுத்துக்காக வந்தது. பத்து நாளாக ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டிக் கிடந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வாலு போனில் பேசினாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "அம்மா கிழங்கு செஞ்சா, நான் சாப்பிட மாட்டேன்னுட்டேன். அம்மா கிழங்கு வாந்திக் கிழங்கு. பெரியம்மா செஞ்சாதான் சாப்பிடுவேன்" என்றாள். பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. நீ பக்கத்தில்தான் இருந்திருக்கிறாய்.

நேற்று அவன் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தொட்டி, கத்தி, கசக்குது என்று அவள் சொன்னது, எதையும் விடவில்லை. கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். "அப்ப அவ சொன்னது நெஜமாப்பா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். போய்ப் படிவத்தை எடுத்தான். வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். "வாலு எங்க படிக்கணும்னு அவளே முடிவு பண்ணட்டும். எதையும் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல" என்றான். தனியாக உனக்கு எழுதுவதாகச் சொன்னான். மூன்று தாளைக் கசக்கிப் போட்டிருக்கிறான், நான் எடுத்துப் பார்க்கவில்லை.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை நிரப்புவதோ கிழிப்பதோ உன் இஷ்டம். திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட, நீ மறுக்க முடியாமல் சங்கடப்படுவாயோ என்று தயக்கமாக இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நடக்க வேண்டும், உன் கை பட்டதைப் பிள்ளை ஆசையாகச் சாப்பிட வேண்டும். அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு உபகாரம் செய். இதோடு சின்னத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். வாலு எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளே, அவளே படிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ படித்துக் காட்டாதே. உன் வாயால் சொன்னால் அது உனக்காக நீ சொல்வது மாதிரி ஆகிவிடும்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாத
மாமா

•

வாலு,

உனக்கு வாந்தி வந்தது அம்மாவால் இல்லை.

அம்மா கெட்ட கிழங்கைக் குப்பையில் போட்டாள்.

அதை எடுத்து நறுக்கியது தாத்தா.

நீ கசக்குது என்றாய். அது கசந்தது. தாத்தா பொய் சொன்னேன்.

இனிமேல் எது கசந்தாலும் துப்பிவிடு. யார் சாப்பிடு என்று சொன்னாலும் துப்பிவிடு.

அம்மா செய்யும் கிழங்கு கசக்காது. இன்றைக்கே சாப்பிட்டுப் பார்.

தாத்தா