வலது தோள்

1961 ஆவணி 14, வட்டக்கச்சி

நான் ஏன் வாயைத் திறந்தேன்? நாளைய உதைபந்தாட்டத்தில் அண்ணாதான் கோல் காக்கிறார். பக்கத்துக் கிராமத்துக்காக முன்னுக்கு நின்று ஆடுகிறவரை நினைத்து, சாப்பிடும்போது புலம்பினார்.

"அவன் எந்தப் பக்கம் அடிப்பான் எண்டு ஒருத்தருக்கும் பிடிபடேல்லை."

"வலது தோள் சாஞ்சால் பந்து இடப்பக்கம் போகும், அண்ணா."

பெண்பிள்ளை பின்பக்கத்து மைதானத்துக்குப் போகக்கூடாதென்று, இரண்டு வருடமாக வேலி ஓட்டைக்குள்ளால் அவர் ஆடுவதைப் பார்க்கிறேன். ஓடிவந்து, ஒரு கணம் நின்று, தோளாலேயே எல்லோரையும் ஏமாற்றிவிட்டு, அவசரமே இல்லாமல் உதைப்பார்.

சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, அண்ணா கேட்டார்: "உனக்கெப்பிடித் தெரியும்?"

அப்பா எழும்பினார். விளக்கோடு போய் வேலியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டையைத் தென்னோலைக் கிடுகால் அடைத்துவிட்டு வந்தார்.

நாளை அவர் அடிப்பதை அண்ணா பிடித்தால், அது என்னால்தான். குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் கைதட்டல் மட்டும் கேட்கும். யாருக்கென்று தெரியாது.